கொட்டாஞ்சேனையைப் பிறப்பிடமாகக் கொண்டவர்

பார்க்கிங், லண்டன்
12.02.2024

அன்புள்ள மச்சாள் சிவனேஸ்வரிக்கு,

உமது பிரஷர் இப்போது எப்படி? குளிசையை நேரத்துக்குப் போடும். எனக்கு இடது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொல்வழி கேட்கிறது. உமது அண்ணன் போய் இன்றோடு நாற்பது நாள்.

போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனை எடுத்தால் நிருஜன் பக்கத்தில் வந்து நிற்கிறான். என் மகன் நல்லவன். ஆனால் இந்த விஷயத்தில் அவன் எதிர்க்கட்சி.

முப்பத்தோராம் நாள் காரியம் ஹோலில் நடந்தது. வேலங்காடு மக்கள் ஒன்றியம் நினைவு மலர் அடித்துக் கொடுத்தது. முதற்பக்கத்தில் உமது அண்ணனின் படம். கீழே, 'யாழ்ப்பாணம் வேலங்காட்டைப் பிறப்பிடமாகவும் லண்டன் பார்க்கிங்கை வதிவிடமாகவும் கொண்ட அமரர் யோகராஜா.' கொழும்பு என்ற சொல் பன்னிரண்டு பக்கத்திலும் இல்லை. ஐம்பது வருஷம் என்னோடு வாழ்ந்த மனிதர் எனக்குச் சொன்னது வேறு. கொழும்பு கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பின்னால், தண்ணீர்க் குழாய் ஒழுங்கையில், ரோசலின் என்ற மருத்துவிச்சியின் கையில் பிறந்தேன் என்று சொன்னார். நானும் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். அதுதான் எங்கள் முதல் உறவு.

எழும்பி, "அண்ணை, இது பிழை" என்றேன். ஒன்றியத் தலைவர் உங்கள் பெரியப்பா மகன் அம்பலவாணன் அண்ணைதானே. அவர் மைக்கை விடாமலே சொன்னார்: "எமில்டா, அவன் எங்கட பொடியன். கொழும்பு எண்டது உத்தியோகத்துக்குப் போற இடம். அது ஆருக்காவது ஊராகுமோ?"

சனம் சிரித்தது. பாஸ்போர்ட்டில் கொழும்பு என்று இருக்கிறது என்றேன். "பாஸ்போர்ட்டைப் பற்றி இந்த ஹோலுக்குள்ளை கதைக்காதேங்கோ. இதுக்குள்ளை பாதிப் பேர் அதிலை ஜனவரி முதலாம் திகதி பிறந்தவை" என்றார். வேறொரு நாள் என்றால் நானும் சிரித்திருப்பேன்.

அதற்குப் பிறகுதான் தெரிந்தது, அஸ்தியை யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோகிறதென்று என்னைக் கேட்காமலே முடிவு செய்திருக்கிறார்கள். முகத்துவாரத்தில், களனி கங்கை கடலோடு சேரும் இடத்தில் தன்னைக் கரைக்க வேண்டும் என்று அவர் என்னிடம் சொன்னவர். சாட்சி கேட்டார்கள். புருஷன் பெண்சாதி கதைக்கும்போது சாட்சிக்கு ஆளை வைத்துக்கொள்வதில்லை.

நான் மைக்கை வாங்கினேன். பிறப்புச் சாட்சிப் பத்திரம் கொண்டு வருகிறேன், நவம்பரில் ஒன்றியத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் வாசிக்கிறேன் என்றேன். கொழும்பு என்று இருந்தால் முகத்துவாரம். வேலங்காடு என்று இருந்தால் கீரிமலை, அஸ்திச் சாடியை என் கையாலேயே தருவேன். நூற்றைம்பது பேர் கேட்டார்கள்.

ஆகவே பதிவுக் கந்தோருக்குப் போய் அந்தப் பத்திரத்தை எடுத்து அனுப்பும். பிறந்தது 17.08.1947. அதுவரை அஸ்திச் சாடி என் அலுமாரியில், அவருடைய கம்பளிச் சட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கும்.

சந்தியில் பழம் வாங்கும்போது விலை பேசி வாங்கும். உம்மை ஏமாற்றுகிறார்கள்.

எமில்டா


வெள்ளவத்தை, கொழும்பு 6
10.03.2024

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் வந்தது. முழங்காலுக்கு நல்லெண்ணெய் போடுங்கோ. இங்கே வெயில் சுவருக்குள்ளாலும் வருகிறது. நான் பரவாயில்லாமல் இருக்கிறேன்.

பக்கத்துக் காணியில் பதினாலு மாடிக்கு அத்திவாரம் போடுகிறார்கள். காலை ஏழு மணிக்குத் தொடங்கும் இடி மாலை வரை. முன்பு எனது ஜன்னலால் கடல் ஒரு முழம் தெரியும். இப்போது அந்த இடத்தில் கம்பி. இருந்தாலும் நாலாம் மாடிப் பிள்ளை எமக்குக் கிடைத்த காற்றை எண்ணிச் சந்தோஷப்படச் சொல்லுகிறாள்.

அம்பலவாணன் அண்ணை போன் எடுத்தவர். "உன்ர அண்ணிக்கு விளங்கப்படுத்து" என்றார். நான் அவருடைய மூச்சைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனை வைத்தேன்.

பத்திரத்துக்குப் போகப் பார்க்கிறேன். ஆனால் அண்ணி, அந்தக் காலத்துப் பதிவுப் புத்தகங்கள் எத்தனையோ அழிந்துபோயின. கிடைக்காவிட்டால் மனதை விடாதேங்கோ. எங்கே கரைத்தாலும் கடைசியில் கடல்தானே.

ஒன்று கேட்கிறேன், சும்மாதான். கொட்டாஞ்சேனையில் பிறந்ததாக அண்ணை உங்களுக்கு எப்போது சொன்னவர்?

அன்புடன்,
சிவனேஸ்வரி


பார்க்கிங்
02.04.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

எண்ணெய் போட்டேன். முழங்கால் மினுங்குகிறது, நோவு அப்படியே இருக்கிறது. அத்திவார இடிக்குக் காதில் பஞ்சு வையும்.

உமது கேள்விக்குப் பதில். 1974 செப்டெம்பர், எங்கள் கலியாணத்துக்கு முதல் கிழமை. என் அப்பா துறைமுக வேர்க்‌ஷொப்பில் பிட்டர். அவருக்கு ஒரு பயம் இருந்தது. யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் லீவுக்கு ரயில் ஏறுவார்கள், ஏதோ ஒரு லீவில் ஊரில் கலியாணம் கட்டிக்கொண்டு திரும்புவார்கள் என்று பயம். நேரே கேட்டார். உமது அண்ணன், "மாமா, நான் இந்த ஒழுங்கையிலை பிறந்தவன். எனக்குப் போறதுக்கு வேற ஊர் இல்லை" என்றார். அப்பா உள்ளே போய்க் கோப்பி போடச் சொன்னார். அந்தக் கோப்பிதான் எனக்கு நிச்சயதார்த்தம்.

போன ஞாயிறு நிருஜன் அம்பலவாணன் அண்ணையைக் கூட்டிக்கொண்டு வந்தான். அண்ணைக்குப் படி ஏற ஏலாது, மூச்சு வாங்கியது. தேத்தண்ணி குடித்துவிட்டு மறுபடியும் தொடங்கினார்: கொழும்பு சந்தை, ஊர் இல்லை. அங்கே பிறந்தேன் என்று சொல்கிறவனுக்கு அப்பன் வேறு எங்கோ பிறந்திருப்பான்.

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவள். மிச்சத்தைப் புறக்கோட்டையில் துணிக்கடைக் கவுண்டரில் பத்து வருஷம் நின்றும், பார்க்கிங் லைப்ரரியில் இருந்தும் படித்தேன். அண்ணைக்குச் சொன்னதை உமக்கும் எழுதுகிறேன்.

போர்த்துக்கேயன் கோட்டை கட்டினான். ஒல்லாந்தன் அவனைத் துரத்திவிட்டுத் தன் அளவுக்கு வேறு கட்டினான். வெள்ளைக்காரன் மதிலை இடித்துவிட்டுக் கடலுக்குள் கல்லைப் போட்டு அலையை மறித்தான். கப்பல் வந்தது. கப்பலுக்குப் பின்னால் ஆட்கள் வந்தார்கள். ஜாவாவிலிருந்து பட்டாளத்துக்கு வந்தவன் கொம்பனித்தெருவில் தங்கினான். காரைக்குடிப் பக்கத்துச் செட்டியார் செட்டியார்தெருவில் கோயில் கட்டினார். மலையாளத்தான் வந்தான், மாத்தறைச் சிங்களவன் வந்தான், தூத்துக்குடியிலிருந்து கரி சுமக்க என் தாத்தா வந்தார். ஒருவனுக்கும் அது ஊர் இல்லை. அதனால்தான் எல்லோருக்கும் ஊர். எங்கள் ஒழுங்கையில் இருபத்திரண்டு வீடு, ஒரு குழாய். வாளி வரிசையில் நாலு பாஷையில் திட்டு வாங்கித்தான் நான் நாலு பாஷை படித்தேன்.

ஒற்றுமையாக இருந்தோம் என்று பொய் சொல்லமாட்டேன். 83 கலவரத்தில் என் தையல் மெஷினைத் தூக்கி வீதியில் போட்டு உடைத்தவனும் அந்த ஒழுங்கைக்காரன். என்னையும் நிருஜனையும் நாலு நாள் குசினிக்குள் வைத்துச் சோறு போட்ட சோமாவதியும் அந்த ஒழுங்கைக்காரி. அண்ணை இதைத்தான் பிடித்துக்கொண்டார். "அடிச்சுக் கலைச்ச இடத்தை இன்னும் ஊர் எண்டுறியள்" என்றார். அடித்தவனுக்கு ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? அவன் மெஷினைத்தான் உடைத்தான். ஒழுங்கையை நான் அவனுக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

கடைசியில் அண்ணை, "கொழும்பு இப்ப தலைநகரும் இல்லைத் தெரியுமோ?" என்றார். தெரியும். 1982இல் காகிதத்தில் அந்தப் பெயரை எடுத்து ஸ்ரீ ஜயவர்த்தனபுரத்துக்குக் கொடுத்தார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு பஸ் கொண்டக்டராவது அதை நம்பினானா?

நிருஜன் அவரைக் கைபிடித்து இறக்கிக்கொண்டு போனான். போகும்போது அண்ணை அலுமாரியைப் பார்த்தார்.

பத்திரம் எங்கே?

எமில்டா


வெள்ளவத்தை
27.05.2024

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் பிந்திவிட்டது, குறைநினைக்க வேண்டாம். சளியும் இருமலும் பிடித்து இப்போதுதான் எழும்பினேன். உங்கள் முழங்கால் எப்படி?

கந்தோருக்குப் போனேன் அண்ணி. சென்ற வியாழன், 23ஆம் திகதி. காலையிலிருந்து வரிசை. என் முறை வரும்போது பழைய புத்தகங்கள் வேறு கட்டடத்தில் என்றார்கள். பிறகு வரச் சொன்னார்கள். வெயிலில் தலை சுற்றியது.

அண்ணி, அலுமாரியில் இருப்பவர் அங்கேயே கொஞ்சக் காலம் இருக்கட்டுமே. அவசரம் என்ன?

அன்புடன்,
சிவனேஸ்வரி


பார்க்கிங்
14.06.2024

மச்சாள்,

இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியும். இனி விஷயம்.

மே 23 வெசாக், புத்தருடைய பெருநாள். நான் இங்கே காலண்டரைப் பார்த்துத்தான் எழுதுகிறேன், ஆனால் பார்க்கத் தேவையில்லை. வெசாக்கன்று கொழும்பில் ஒரு கந்தோரும் திறக்காது. சந்திக்குச் சந்தி பந்தல் கட்டி, பஸ்ஸை மறித்துச் சோறும் சர்பத்தும் கொடுப்பார்கள். மாதா கோயிலுக்குப் போகிற நானே வரிசையில் நின்று வாங்கிக் குடித்திருக்கிறேன். கொழும்பில் இருக்கிறவருக்கு வெசாக் மறக்காது. பொய் சொல்ல அவசரப்பட்டால்தான் மறக்கும்.

நீர் கந்தோருக்குப் போகவில்லை. ஏன்?

கோபத்தில் எழுதவில்லை. கோபம் என்றால் இதைவிட நீளமாக எழுதுவேன்.

எமில்டா


பார்க்கிங்
20.08.2024

மச்சாள் சிவனேஸ்வரிக்கு,

இரண்டு மாதம் ஆகிவிட்டது. நீர் சுகமாக இருப்பதாக நாலாம் மாடிப் பிள்ளை நிருஜனுக்கு மெசேஜ் போட்டிருக்கிறது. ஆகவே வருத்தம் உடம்பில் இல்லை.

சனிக்கிழமை அவருக்கு எழுபத்தேழு முடிந்தது. கேக் வாங்கவில்லை. அவருக்குப் பிடித்த, மீன் வைத்த மாலுபான் பணிஸ் வாங்கி நானே சாப்பிட்டேன்.

கூட்டம் நவம்பர் 16. ஹோல் புக் பண்ணிவிட்டார்கள். நிகழ்ச்சி நிரலில் 'திருமதி யோகராஜா: விளக்கம்' என்று போட்டிருக்கிறார்கள். குற்றவாளியை விசாரிப்பதுபோல.

நான் கேட்டது காகிதம். உமக்கு ஏதோ பாரம் இருக்கிறது. அதை இறக்கி வையும்.

எமில்டா


வெள்ளவத்தை
09.09.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டு அரை மணித்தியாலம் சும்மா இருந்தேன். அதற்கு அடுத்த வரி வரவில்லை.

நான் எந்தக் கந்தோருக்கும் போகவில்லை. போகத் தேவையும் இருக்கவில்லை. பத்திரம் என் பெட்டிக்குள்தான் இருந்தது, அம்மாவின் காகிதங்களோடு. அண்ணை பிறந்தது வேலங்காட்டில், அம்மம்மா வீட்டில். கொழும்புக்கு அப்பாவோடு வந்தது ஒன்பது வயதில்.

உங்களை ஏமாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைக்க வேண்டாம். நடந்ததைச் சொல்லுகிறேன்.

1974 ஆவணி. அப்பா இறந்து இரண்டு வருஷம். கோயில் திருவிழாவுக்கு அண்ணை கொழும்பிலிருந்து வந்தவர், கையில் பை. வாசல் படலையில் கை வைத்ததும் உங்களைப் பற்றிச் சொன்னார். கொட்டாஞ்சேனை, வேதக்காரப் பிள்ளை, அப்பா துறைமுகத்தில் வேலை என்று ஒன்றையும் மறைக்கவில்லை. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு குந்தியிருந்தா. அம்பலவாணன் அண்ணைதான் அப்போது குடும்பத்துக்குப் பெரியவர். அவர் நடந்து போய் அண்ணையை வெளியே தள்ளவில்லை, தொடவுமில்லை. படலையைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டார்.

"அவளை விட்டிட்டு வாறதெண்டால் வா. இல்லாட்டி நீ இஞ்சை பிறக்கேல்லை எண்டு நாங்கள் நினைச்சுக்கொள்ளுறம்."

அண்ணை பையை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு, "சரி அண்ணை. நான் இஞ்சை பிறக்கேல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் விலை ஒத்துக்கொள்கிறவர்போலச் சொன்னார். பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அதற்குப் பிறகு வேலங்காட்டு மண்ணை மிதிக்கவில்லை. அம்மாவின் செத்தவீட்டுக்கும் வரவில்லை.

அடுத்த மாதம்தான் உங்கள் அப்பாவிடம் அந்த ஒழுங்கையில் பிறந்ததாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் ஏப்ரல் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

பத்திரத்தை இதோடு வைக்கிறேன். புத்தகம் யுத்தத்தில் எரிந்துவிட்டது என்று நான் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், வேண்டுமென்றால். ஆராலும் சோதிக்க ஏலாது. நீங்கள் இதை அடுப்பில் வைத்தாலும் நான் கேட்கமாட்டேன்.

சிவனேஸ்வரி


பார்க்கிங்
01.10.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

பத்திரம் மடிப்புக் குலையாமல் வந்து சேர்ந்தது. உமது நெஞ்சு கொஞ்சம் இலேசாகியிருக்கும். பிரஷர் பார்த்து எழுதும்.

மூன்று நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. சாடியை அலுமாரிக்குள் சுவர்ப்பக்கம் முகம் பார்க்கத் திருப்பி வைத்தேன். சாடிக்கு முகம் இல்லை என்பது தெரியும். ரோசலின் மருத்துவிச்சி உண்மையில் என்னைப் பெறுவித்தவள். என்னுடைய மருத்துவிச்சியைக்கூட அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். இருபத்திரண்டு வீட்டு ஒழுங்கையில் அது பொய் என்று என் அப்பாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது, தெரிந்துதான் கோப்பி போடச் சொல்லியிருக்கிறார். ஐம்பது வருஷத்தில் ஒரு நாள், ஏதாவது ஒரு தேத்தண்ணி நேரத்தில் சொல்லியிருக்கலாம்.

நாலாம் நாள் திருப்பி வைத்தேன். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? கீரிமலைக்கல்ல, நேரே வேலங்காட்டுக்குப் போய் அந்தப் படலையை உதைத்திருப்பேன். அவருக்கு அது தெரியும்.

அடுப்பில் வைக்கமாட்டேன். உமது பொய்க் கடிதமும் வேண்டாம். மைக்கில் சொன்ன சொல் என்னுடையது. பத்திரத்தை நானே வாசிப்பேன், சாடியை மேசையில் வைப்பேன். தோற்பதென்றாலும் என் வாயால்தான் தோற்பேன்.

ஆனால் அதற்குப் பிறகு உமது கடிதத்தையும் வாசிக்க வேண்டும். உமது சம்மதம் இல்லாமல் வாசிக்கமாட்டேன். அம்பலவாணன் அண்ணை உமக்கு ஒரே ஒரு பெரியவர், மாதாமாதம் போன் எடுப்பவர். யோசித்து எழுதும்.

எமில்டா


வெள்ளவத்தை
21.10.2024

அண்ணிக்கு,

பிரஷர் பார்த்தேன், இறங்கியிருக்கிறது.

வாசியுங்கோ. ஆர் எழுதியது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கோ. அன்றைக்கு நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன், இருபத்தொரு வயது. வெளியே வரவில்லை.

சிவனேஸ்வரி


பார்க்கிங்
18.11.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

நீர் சுகமாக இருப்பீர் என்று நம்புகிறேன். நான் நேற்று முழுக்கப் படுத்திருந்தேன். முழங்காலில் பிழை இல்லை, நானாகத்தான் படுத்தேன்.

சனிக்கிழமை நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நிருஜன்தான் ஏற்றிக்கொண்டு போனான். சாடியை ஷொப்பிங் பையில் வைத்து மடியில் பிடித்திருந்தேன். "அம்மா, கிடைச்சுதோ இல்லையோ, எனக்கெண்டாலும் சொல்லலாமே" என்றான். ஹோலில் சொல்வேன் என்றேன்.

என் பெயரைக் கூப்பிட்டபோது முதலில் சாடியை மேசையில், ரோல்ஸ் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு பத்திரத்தை வாசித்தேன். பெயர், திகதி, தகப்பன் பெயர், பிறந்த இடம் வேலங்காடு. ஒரு எழுத்தும் விழுங்கவில்லை. பின்வரிசையில் கைதட்டினார்கள். பொருளாளர் அம்மா, "இதுக்குத்தானே இவ்வளவு நாளும்" என்றா, மைக் இல்லாமலே கேட்டது.

"பொறுங்கோ, இன்னும் ஒண்டு இருக்கு" என்று உமது கடிதத்தை எடுத்தேன். படலைவரைக்கும் வாசிக்கும்போது ரோல்ஸ் சாப்பிட்டவர்கள் நிறுத்தினார்கள். 'நீ இஞ்சை பிறக்கேல்லை' என்ற வரியை நான் குரல் உயர்த்தாமல்தான் வாசித்தேன். எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். கூப்பிடாமலே ஹோல் முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது.

நான் அவரிடம் சொன்னேன்: "அண்ணை, காகிதத்திலை நீங்கள் வெண்டிட்டியள். சாடி இந்தா இருக்கு. ஆனால் அவரை அங்கை பிறக்கேல்லை எண்டு சொன்னதும் நீங்கள், அங்கை பிறந்தவர் எண்டு மலர் அடிச்சதும் நீங்கள். எது உங்கட சொல் எண்டு சொல்லிப்போட்டு எடுங்கோ."

அண்ணை எழும்பினார். மேசைவரைக்கும் நடக்க அவருக்கு நேரம் எடுத்தது. கையை நீட்டினார். எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். சாடியை என் பக்கம் தள்ளினார். "கொண்டு போங்கோ" என்றார், எனக்கு மட்டும் கேட்க.

"மைக்கிலை சொல்லுங்கோ அண்ணை" என்றேன்.

சொல்லவில்லை. தன் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கூட்டம் அப்படியே கலைந்தது.

காரில் நிருஜன் சாடியை என் கையிலிருந்து வாங்கிப் பின் ஸீற்றில் வைத்து பெல்ட்டைப் போட்டான். வீட்டு வாசலில்தான் கேட்டான்: "அப்பாவுக்குப் போக வேற இடம் இருக்கேல்லை, அப்படித்தானே?" இருந்தது, கொட்டாஞ்சேனை இருந்தது என்றேன்.

உமது பெயரை ஒருவரும் கேட்கவில்லை. நான் சொன்னேன்.

எமில்டா


வெஸ்ட் ஈலிங்
25.11.2024

தங்கச்சி எமில்டாவுக்கு,

நீங்களும் தம்பி நிருஜனும் சுகமாக இருக்கக் கனகதுர்க்கை அம்மன் துணை. எனக்குச் சுகம் என்று எழுத ஏலாது, வயது எண்பத்திரண்டு.

அன்றைக்கு எனக்கு முப்பத்திரண்டு வயது. சித்தப்பா இல்லாத வீடு. நான் பொறுப்பு என்று நினைத்தேன். படலையைச் சாத்தினால் இரண்டு நாளில் திரும்பி வருவான் என்று நினைத்தேன். லண்டனில் நாற்பது வருஷம் அவனோடு கலியாண வீடுகளில் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டேன். அவன் அதைப்பற்றி ஒரு நாளும் கதைக்கவில்லை. மறந்துவிட்டான் என்று நினைத்தேன். மலரில் ஊரைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

மைக்கில் சொல்ல எனக்கு ஏலாமல் போனது. எழுத்தில் தருகிறேன். தைப்பொங்கலுக்கு முன்னம் வரும் ஒன்றியத்தின் மலரில் திருத்தம் போடலாம். வசனத்தை நீங்களே எழுதித் தாருங்கள்.

முகத்துவாரத்துக்கு எப்போது போகிறீர்கள்? நானும் வர விடுவீர்களோ?

இப்படிக்கு,
அம்பலவாணன்


பார்க்கிங்
29.11.2024

அம்பலவாணன் அண்ணைக்கு,

உங்கள் மூச்சுக்கு டொக்டரிடம் காட்டினீர்களா? விமானத்தில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் இருக்க வேண்டும். காலுக்கு இறுக்கமான சொக்ஸ் வாங்குங்கள்.

மன்னிப்பு என்ற சொல்லை உங்கள் கடிதத்தில் தேடினேன், இல்லை. நானும் அதைத் தருவதாக எழுதவில்லை. அவர் ஒரு நாளும் கதைக்கவில்லை என்றால் மறந்தார் என்று அர்த்தமில்லை. நீங்கள் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டபடி கடைசிவரை இருந்தார்.

வரலாம். நிருஜன் டிக்கெற் பார்க்கிறான், மூன்று ஸீற். வெள்ளவத்தையில் மச்சாள் வீட்டில் தங்கலாம், சத்தத்துக்குப் பஞ்சு தருவா. அங்கே போனதும் முதலில் உங்களைத் தண்ணீர்க் குழாய் ஒழுங்கைக்குக் கூட்டிப் போவேன். இருபத்திரண்டு வீட்டில் இப்போது ஒன்பதுதான் மிச்சம், மற்ற இடத்தில் மாடி. குழாய் இருக்கிறதாம். அவர் பிறந்த இடத்தை ஊர்ப் பெரியவர் ஒரு தரமாவது பார்க்க வேண்டும்.

இவ்வளவும், திருத்தம் அச்சில் வந்த பிறகு. மலரைக் கண்ணால் கண்டால்தான் டிக்கெற் எடுக்கச் சொல்லுவேன். ஆகவே பொங்கலைப் பார்த்திருக்காமல் டிசம்பர் நடுவுக்கு முன்னம் அடியுங்கள். முதற்பக்கம், படத்தோடு. ஒரு சொல்லும் வெட்டக் கூடாது, சேர்க்கவும் கூடாது. வசனம் கீழே.

எமில்டா யோகராஜா


திருத்தம்

17.08.1947 அன்று யாழ்ப்பாணம் வேலங்காட்டில் பிறந்தவரும், 1974 ஆவணியில் அவ்வூர்ப் படலையில் வைத்து 'நீ இங்கே பிறக்கவில்லை' என்று சொல்லப்பட்டு அதற்குச் சரி என்றவரும், அன்று முதல் கொழும்பு கொட்டாஞ்சேனையைப் பிறப்பிடமாகக் கொண்டவருமாகிய அமரர் யோகராஜா அவர்களின் அஸ்தி, 04.01.2025 சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கொழும்பு முகத்துவாரத்தில் கரைக்கப்படும்.

சொன்னவரும் உடன் வருகிறார்.